அமெரிக்காவில் வேலையிடப் பாகுபாடு: இ.இ.ஓ.சி.யில் புகார் கொடுப்பது எப்படி?

புகார் பதிய எனக்குச் சட்டம் கொடுத்தது 300 நாள். அதில் ஏறக்குறைய 250 நாளை கம்பெனியின் மனிதவளப் பிரிவான எச்.ஆரின் பதிலுக்குக் காத்திருந்தே தொலைத்தேன்.

டாலஸ் பக்கம் ஒரு கிளையன்ட் அலுவலகத்தில் டெஸ்டிங் லீடாக இருந்தேன். எச்1பி என்ற வேலை விசா. புதிதாக வந்த மேலாளர் ஒரு நாள் எல்லார் முன்னாலும், உன் உச்சரிப்பு யாருக்கும் விளங்கவில்லை, இனி கிளையன்ட் கூட்டங்களில் நீ பேச வேண்டாம் என்றார். அதே கூட்டங்களில் நான்கு வருடமாகப் பேசி வந்தவள் நான். அடுத்து ஒரு பிப் வந்தது, அதாவது வேலை சரியில்லை, கெடுவுக்குள் திருத்திக்கொள் என்று எழுதித் தரும் தாள். பிறகு ப்ராஜெக்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எச்.ஆருக்கு எழுதினேன். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு இவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு. நாற்பது வயது நிரம்பியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. இவற்றின்கீழ் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில், அதாவது இ.இ.ஓ.சி.யில், புகார் பதிய வேண்டும். வழி தெரியாமல் நான் முட்டி மோதிக் கற்றதை வரிசையாகத் தருகிறேன். நான் வக்கீல் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் நாளை எண்ணுங்கள்

சம்பவம் நடந்ததிலிருந்து 180 நாளுக்குள் புகார் பதிய வேண்டும் என்பது அடிப்படை விதி. அதே பாகுபாட்டைத் தடுக்கும் மாநிலச் சட்டமும் அதை நடத்த மாநில அமைப்பும் இருந்தால் 300 நாள். டெக்சாஸ், கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி எல்லாம் 300 நாள் மாநிலங்கள். அட்லாண்டாவிலோ சார்லட்டிலோ தனியார் கம்பெனியில் இருந்தால் உங்களுக்கு 180 நாள்தான். ஜார்ஜியாவும் வட கரோலினாவும் அந்தக் கணக்கில் வருகின்றன.

180 நாள் என்றால் ஆறு மாதம் என்று நினைத்துவிடாதீர்கள். மார்ச் 1 அன்று நடந்ததற்கு 180-ஆவது நாள் ஆகஸ்ட் 28. ஆறு மாதம் என்று செப்டம்பர் 1 வரை இருந்தால் போச்சு. அதே மார்ச் 1-க்கு 300-ஆவது நாள் டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் கணக்கில் உண்டு. கடைசி நாளே அப்படி அமைந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை அவகாசம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது? இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மார்ச் 1 அன்று வேலைநீக்கக் கடிதம் தந்து, மார்ச் 31 உங்கள் கடைசி நாள் என்றால், எண்ணிக்கை மார்ச் 1-லிருந்தே தொடங்கும். முடிவு உங்களுக்குத் தெரிந்த நாள்தான் கணக்கு. இதை உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பதவி உயர்வு மறுப்பு, இடமாற்றம், நீக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. தொடர்ந்து நடக்கும் தொந்தரவு மட்டும் வேறு மாதிரி: கடைசிச் சம்பவம் கெடுவுக்குள் இருந்தால் பழையவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

எச்.ஆரிடம் புகார் கொடுத்தாலோ, யூனியனுக்குப் போனாலோ, கம்பெனிக்குள் அப்பீல் செய்தாலோ இந்த நாள் கணக்கு நிற்காது. எச்.ஆருக்கு எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் எழுதுங்கள். பின்னால் அதுவே சாட்சி. ஆனால் அவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே போன் காலண்டரில் இரண்டு தேதி போட்டு வையுங்கள்: கடைசி நாள் ஒன்று, அதற்கு 90 நாள் முன்னால் ஒன்று. இரண்டாவதுதான் உங்களுடைய உண்மையான கெடு.

தபால் துறை போன்ற மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அவர்கள் 45 நாளுக்குள் தங்கள் துறையிலேயே இருக்கும் சம வாய்ப்பு ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

2. தட்டுவது சரியான கதவுதானா?

மேலாளர் கத்துகிறார், வேலையைக் குவிக்கிறார், அநியாயமாக நடத்துகிறார் என்பது மட்டும் போதாது. அமெரிக்காவில் பெரும்பாலான வேலைகளில் காரணமே சொல்லாமல் நீக்கலாம். சட்டம் தடுத்திருக்கும் ஒரு காரணத்துக்காக அப்படிச் செய்தார்கள் என்று காட்ட முடிய வேண்டும். உச்சரிப்பை வைத்து ஒதுக்குவது பிறந்த நாட்டுப் பாகுபாட்டில் வரும். வேலைக்கே இடைஞ்சலாகும் அளவுக்குப் பேச்சு புரியவில்லை என்று கம்பெனி காட்டினால்தான் அது செல்லும். ‘எனக்குக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது’ என்பதெல்லாம் பதில் இல்லை.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. ஏழாம் தலைப்பும் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். வயதுப் பாகுபாட்டுக்கு 20 பேர். மளிகைக் கடை, உணவகம் மாதிரி சின்ன இடமாக இருந்தால் மாநில அமைப்பைப் பாருங்கள். கலிபோர்னியாவின் சிவில் உரிமைத் துறைக்கு ஐந்து பேர் போதும், அங்கே கெடுவும் மூன்று வருடம். நியூயார்க் மாநிலத்திலும் 2024 பிப்ரவரி 15 முதல் நடந்தவற்றுக்கு மூன்று வருடம். இனத்தை வைத்து நடந்ததென்றால் பழைய 1981-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. 1981 என்பது பிரிவு எண், வருடம் இல்லை. அதற்கு ஆள் எண்ணிக்கையும் கிடையாது, இ.இ.ஓ.சி.யும் தேவையில்லை, பொதுவாக நான்கு வருட அவகாசம். ஆனால் அதை வக்கீலோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஆட்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இன்னொன்று: எச்1பி விண்ணப்பத்தில் காட்டிய சம்பளத்தைத் தரவில்லை, ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளத்தை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இ.இ.ஓ.சி. விஷயம் இல்லை. அது தொழிலாளர் துறையின் சம்பள, நேரப் பிரிவுக்குப் போகிறது. டபிள்யூஎச்-4 என்ற படிவம், 12 மாதக் கெடு.

சாதியை வைத்து நடப்பதா? மத்தியச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. சியாட்டில் நகரம் 2023-இல் தன் சட்டத்தில் சேர்த்தது. கலிபோர்னியாவில் அதே வருடம் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வகையில் சிக்கியிருப்பவர்கள் படிவத்தில் கை வைக்கும் முன் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

3. புகார் யார் மேல்?

சம்பளம் போடுவது கன்சல்டன்சி, அவமானப்படுத்துவது கிளையன்ட். நம்மில் பாதிப் பேரின் நிலைமை இதுதான். கிளையன்ட் என் முதலாளியே இல்லை என்று நானும் பல நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உங்கள் நேரத்தையும் வேலையையும் கிளையன்ட் கட்டுப்படுத்தினால் அவரும் முதலாளியாகக் கருதப்படலாம். நடப்பது தெரிந்தும் கன்சல்டன்சி கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அதற்கும் பொறுப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் இருவர் மேலும் தனித்தனியாகப் பதியுங்கள். பெயரில் கவனம் தேவை. பலகையில் இருக்கும் பெயர் ஒன்று, சம்பள ரசீதிலும் வருடாந்திரச் சம்பள வரிப் படிவமான டபிள்யூ-2விலும் இருக்கும் சட்டப் பெயர் இன்னொன்று. கன்சல்டன்சிக்குப் படிவத்தில் வர வேண்டியது டபிள்யூ-2 பெயர்.

டபிள்யூ-2 இல்லாமல் 1099 என்ற வரிப் படிவத்தில் பணம் வாங்கும் சுயதொழில் ஒப்பந்தக்காரராக இருந்தால் ஏழாம் தலைப்பு பொதுவாகப் பொருந்தாது. ஆனால் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உங்களை எப்படி வேலை வாங்கினார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

4. காகிதங்கள்

ஆஃபர் லெட்டர், கடைசி இரண்டு மூன்று வருட ரிவ்யூ, பிப், சம்பள ரசீது, வேலைநீக்கக் கடிதம், எச்.ஆருக்கு நீங்கள் எழுதியதும் அவர்கள் பதிலும். இவை அடிப்படை. ரிவ்யூதான் இதில் தங்கம். மேலாளர் மாறும்வரை ‘மிக நன்று’, மாறியதும் மூன்றே மாதத்தில் ‘தேவைக்குக் கீழ்’ என்றால், அந்த இரண்டு தாளும் பேசுவதை நாம் பத்துப் பக்கம் எழுதியும் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு நாட்குறிப்பு. தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். சொன்ன வார்த்தையை ஆங்கிலத்தில் அப்படியே எழுதுங்கள். நான் முதலில் தமிழில் ‘அசிங்கமாகப் பேசினார்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து அவர் சொன்ன சொல் எனக்கே சரியாக நினைவில்லை.

இரண்டு பொறிகள். ஒன்று, கம்பெனி ஆவணங்களைக் கத்தையாக உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். ரகசிய மீறல் என்று அதையே நீக்கக் காரணமாக்குவார்கள். எந்த மின்னஞ்சல், எந்தத் தேதி என்று குறித்துவைத்தால் போதும். இரண்டு, பேச்சைப் பதிவு செய்வது. டெக்சாஸ், நியூ ஜெர்சி, நியூயார்க்கில் பேசுகிறவர்களில் ஒருவர், அதாவது நீங்களே, சம்மதித்தால் சட்டப்படி சரி. கலிபோர்னியா, வாஷிங்டன், பென்சில்வேனியா, புளோரிடாவில் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். மீறினால் குற்றவாளி நீங்கள்தான். சட்டம் அனுமதித்தாலும் கம்பெனி விதி தடுக்கலாம், அதையும் பாருங்கள்.

வேலையை விட்டு அனுப்பும்போது பணம் தந்து கணக்கு முடிக்கும் செவரன்ஸ் தாளை நீட்டினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். அதில் வழக்குப் போடும் உரிமையை விட்டுத்தருவதாக இருக்கும். 40 வயது நிரம்பியவர் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுத்தர வேண்டுமென்றால், யோசிக்க 21 நாளும், போட்ட பிறகு திரும்பப் பெற 7 நாளும் கொடுத்தாக வேண்டும். கூண்டோடு ஆட்குறைப்பு என்றால் 45 நாள். ‘ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் போட்டிருக்கிறாய், புகார் கொடுக்க முடியாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தகராறைக் கோர்ட்டுக்குப் பதில் தனி நடுவரிடம் தீர்க்கும் ஒப்பந்தம் அது. கோர்ட்டுக்குப் போவதை அது தடுக்கலாம், இ.இ.ஓ.சி.யில் பதிவதைத் தடுக்காது.

5. போர்ட்டல்: இன்க்வயரி வேறு, சார்ஜ் வேறு

இ.இ.ஓ.சி.யின் பொதுப் போர்ட்டலில் கணக்குத் தொடங்கிச் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ‘இன்க்வயரி’ ஒன்று பதிவாகும். எண்ணும் வரும். அப்பாடா, புகார் கொடுத்தாச்சு என்று தோன்றும். கொடுக்கவில்லை. அது விசாரிப்பு மட்டும்தான். அதன் பிறகு நேர்காணல், அதன் பிறகு அவர்கள் தயாரிக்கும் ‘சார்ஜ்’ படிவம். அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் புகார். நாள் கணக்கு நிற்பதும் அன்றைக்குத்தான்.

நேர்காணல் தேதி வாரக்கணக்கில் தள்ளிக் கிடைக்கலாம். காலண்டரில் 90 நாள் முன்னால் ஒரு தேதி போடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். கெடு முடிய 60 நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், சீக்கிரம் பதிவதற்கான தனி வழியைப் போர்ட்டலே காட்டும். எனக்கு 50 நாள் மிச்சம் இருந்ததால் அந்த வழியில்தான் போனேன். ஒன்பது நாள் பாக்கி இருக்கையில் கையெழுத்து விழுந்தது. போர்ட்டல் சரிப்படவில்லை என்றால் 1-800-669-4000 என்ற எண்ணில் பேசலாம், இல்லை கடிதமாகவும் அனுப்பலாம். உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், கம்பெனி பெயர், முகவரி, ஆள் எண்ணிக்கை, என்ன நடந்தது, எப்போது, எதற்காக என்று நினைக்கிறீர்கள், கடைசியில் கையெழுத்து. கையெழுத்தில்லாத கடிதம் வெறும் கடிதம்.

மாநில அமைப்பிடமும் தனியாகப் போக வேண்டுமா? பெரும்பாலும் ஓரிடத்தில் பதிந்தால் மற்றதிலும் சேர்த்துக்கொள்வார்கள், அப்படி ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் மாநிலக் கெடு குறைவாக இருக்கலாம். டெக்சாஸில் மாநிலச் சட்டப்படி பெரும்பாலான புகார்களுக்கு 180 நாள்தான். நான் மத்தியச் சட்டத்துக்கு உள்ளே, மாநிலச் சட்டத்துக்கு வெளியே. அந்தக் கதவு எனக்கு மூடியே போய்விட்டது.

செலவு? இதுவரை ஒரு டாலர்கூட இல்லை. பதிவுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. புகார் எழுதித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அவர் உண்மையிலேயே வக்கீல்தானா என்று மாநில பார், அதாவது வக்கீல் சங்க, இணையதளத்தில் பாருங்கள்.

6. நேர்காணல்

வீட்டில் குழந்தை, மாமியார், குக்கர் சத்தம். அதனால் இந்தியக் கடை பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து பேசினேன். ஸ்டீயரிங் மேல் ஒரு நோட்டு. முதல் பத்து நிமிடம் எவ்வளவு நொந்துபோனேன் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்களைப் போலவே வேலை செய்த, உங்கள் நாட்டைச் சேராத வேறு யாரை எப்படி நடத்தினார்கள்?

நோட்டைப் புரட்டினேன். அதில் அதற்குப் பதில் இல்லை. பிறகு யோசித்துச் சொன்னேன்: என்னைவிட அதிகம் தப்பு விட்ட இன்னொரு லீட் இருந்தார், அவருக்குப் பிப் வரவில்லை. பேச்சு அங்கிருந்துதான் உருப்பட்டது. ஒப்பீட்டுக்கு ஆள் யார், அவர் பதவி என்ன, மேலாளர் ஒருவரேதானா என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

அவர்கள் தயாரிக்கும் படிவம் ஐந்தாறு வரிதான் இருக்கும். அந்த வரிகளுக்குள் இல்லாததை நாளைக்குக் கோர்ட்டில் கிளப்ப முடியாமல் போகலாம். எனவே எந்தெந்தக் காரணம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இனமும் பிறந்த நாடும் நம்மைப் பொறுத்தவரை ஒன்றுபோலத் தோன்றும், படிவத்தில் இரண்டும் தனித்தனி. இரண்டும் பொருந்தினால் இரண்டும் இருக்கட்டும். எச்.ஆரிடம் புகார் கொடுத்த பிறகு பிப் வந்ததென்றால் பழிவாங்கல் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மூலப் புகார் தோற்றாலும், நல்லெண்ணத்தோடு கொடுத்த புகாருக்காகப் பழிவாங்கியது தனிக் குற்றமாக நிற்கும்.

8. பதிந்த பிறகு

பத்து நாளுக்குள் கம்பெனிக்குத் தகவல் போகும். ரகசியமாக வைக்க முடியாது, உங்கள் பெயர் தெரியத்தான் செய்யும்.

முதலில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிடலாம். இருவரும் சம்மதித்தால்தான் நடக்கும். இலவசம், வழக்கமாக மூன்று நான்கு மணி நேரம், அங்கே பேசியது வெளியே போகாது. போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். விசாரணை என்றால் சராசரியாகப் பத்து, பதினொரு மாதம் என்று இ.இ.ஓ.சி.யே சொல்கிறது, சமரசம் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. போகும் முன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்: இழந்த சம்பளம், நல்ல பரிந்துரைக் கடிதம், ரிவ்யூவைத் திருத்துவது. என் விஷயம் அங்கேயே முடிந்தது. எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வரி மட்டும் சொல்கிறேன். சம்பளப் பாக்கிக்கு டபிள்யூ-2, மன உளைச்சலுக்கான தொகைக்கு 1099, பொதுவாக இரண்டுக்கும் வரி உண்டு. கையில் வருவதை அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

சமரசம் ஆகவில்லை என்றால் கம்பெனி தன் தரப்பை எழுதிக் கொடுக்கும். கேட்டால்தான் அதன் நகல் தருவார்கள், கேளுங்கள். அதற்கு நீங்கள் பதில் எழுத 20 நாள்.

பெரிய தொகையை மனதில் வைத்திருப்பவர்களுக்கு: ஏழாம் தலைப்பின்கீழ் மன உளைச்சல் இழப்பீடும் தண்டத் தொகையும் சேர்த்து உச்சவரம்பு உண்டு. 15 முதல் 100 பேர் வரை உள்ள கம்பெனிக்கு 50,000 டாலர், 500 பேருக்கு மேல் என்றால் 3,00,000 டாலர். இழந்த சம்பளம் இதில் சேராது.

9. விசா

உங்கள் விசா நிலையை வைத்து இந்தப் பாதுகாப்பு மாறுவதில்லை. எச்1பி, துணைவருக்கான எச்4, கிரீன் கார்டு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் புகார் கொடுத்தது எச்1பியைத் தாங்கிப் பிடிக்காது. வேலை போனால் நாட்டில் இருக்க 60 நாள் வரை அவகாசம், தங்கும் கெடுவைக் காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அந்த 60 நாளும் இந்த 300 நாளும் தனித்தனியாக ஓடும். வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள். தேடியதற்கான சான்றையும் வையுங்கள், இழந்த சம்பளம் கேட்கும்போது வேலை தேடினீர்களா என்று கேட்பார்கள். இந்தியாவுக்குத் திரும்பிவிட்டாலும் புகார் தொடரும்.

10. 90 நாள் கடிதம்

விசாரணை எப்படி முடிந்தாலும் பெரும்பாலும் கடைசியில் வருவது வழக்குத் தொடரும் உரிமைக் கடிதம். பதிந்து 180 நாள் ஆனதும் நீங்களே கேட்டும் வாங்கலாம். வந்ததிலிருந்து 90 நாளுக்குள் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். வக்கீல் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆகவே கடிதம் வரும் முன்பே வக்கீலைத் தேடத் தொடங்குங்கள். மாநில பார் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் முதல் சந்திப்பு குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். பலர் ஜெயித்தால் பங்கு என்ற கணக்கில் எடுப்பார்கள், பங்கு மூன்றில் ஒன்று அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். மத்திய கோர்ட்டில் பதிவுக் கட்டணம் 405 டாலர், கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம்.

கடிதம் தபாலில் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அது போர்ட்டலில் ஏறும், ஒரு மின்னஞ்சல் மட்டும் வரும், அதுவும் ஸ்பாமில் போய் விழலாம். அந்த மின்னஞ்சலின் தேதியிலிருந்தே 90-ஐ எண்ணுங்கள், நீங்கள் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல. அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.